நங்கூரம் போட்ட கொம்பனி

“அம்மா! ஓடி வாங்கோ, கொம்பியூட்டர் கத்துது!”

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த யூலியட், கத்தியும் கையுமாக ஓடி வந்தாள். கடல் இரைச்சலையும் மீறி வீடு முழுக்க ஊளைச் சத்தம். மடிக்கணினியின் திரை சிவப்பாக மின்னி மின்னி அணைந்தது. மகள் துஷாந்தி காதுகளைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

“என்னடி செய்தனீ?”

“வைரஸ் வராமல் ஏதாவது போடுவமெண்டு பாத்தனான். எது நல்லதெண்டு தெரியேல்லை. இலவசமெண்டு கிடந்த ஒண்டை அமத்தினன். அமத்தின உடனை கத்தத் துவங்கிட்டுது.”

“நிப்பாட்டு!”

“ஏலாதம்மா. நிப்பாட்டினால் உள்ளுக்குள்ளை இருக்கிறதெல்லாம் அழிஞ்சுபோமாம். அப்பிடித்தான் போட்டிருக்கு.”

யூலியட் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். இன்றைக்கா இது நடக்கவேண்டும்! தாய்லாந்துக்கு வேலைக்குப் போன மகன் சுபேசன், மத்தியானம் வீடியோவில் வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் புறப்பட்டுப் போன நாளிலிருந்து வீடியோவில் அவன் முகத்தை அவள் காணவில்லை. எப்போதாவது போன் எடுப்பான், இரண்டு சொல் பேசுவான், வைத்துவிடுவான். கொம்பனியில் கமரா போட விடமாட்டார்களாம். இன்றைக்குத்தான் முகம் காட்டுகிறேன் என்றிருந்தான்.

முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் மனுவேல் அங்கிருந்தே குரல் கொடுத்தார். “கொம்பியூட்டருக்கும் டெங்குவோ? பப்பாசி இலைச் சாறு பருக்கிப் பாருங்கோவன்!”

“வீட்டிலை இருந்த ஒரே நல்ல போனையும் கடலுக்குள்ளை போட்ட மனுசன் பகிடி விடுறார்!” என்று சீறினாள் யூலியட்.

“அம்மா, கீழை ‘தமிழில் உதவி’ எண்டு ஒரு பெட்டி இருக்கு. காசு கட்டி அவையின்ரை மென்பொருளைப் போட்டால் சரிவருமாம். எனக்கெண்டால் பயமாக் கிடக்கு. நாளைக்கு ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்க் கடையிலை குடுப்பம். அவை நல்லதொண்டாத் தெரிஞ்சு போட்டுத் தருவினம்.”

“நாளைக்கோ? அவன் இண்டைக்கெல்லோ வாறான்!”

அப்போதுதான் திரையின் மூலையில் இருந்த படம் யூலியட்டின் கண்ணில் பட்டது. ஒரு மஞ்சள் நங்கூரம்.

“எடியேய், இது எங்கடை சுபேசன் தம்பியின்ரை கொம்பனியெல்லோ!”

வேலைக்குச் சேர்ந்த அன்று சுபேசன் அனுப்பிய படத்தில், அவன் சட்டையின் நெஞ்சில் இதே நங்கூரம்தான். கோயிலடியில் அந்தப் படத்தை அவள் காட்டாத ஆளில்லை. மகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், “உலகத்துக் கொம்பியூட்டருக்கெல்லாம் வைரஸ் வராமல் பாக்கிற வேலை” என்பாள்.

மனுவேலும் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். “ஓம், அதேதான். நங்கூரம் போட்ட கொம்பனி. லேசிலை அசையாது.”

துஷாந்தி தயங்கினாள். “எதைப் போடுறதெண்டு அண்ணாட்டைக் கேட்டதுக்கு, ஒண்டும் வாங்காதேங்கோ, ஆரோடையும் கதைக்காதேங்கோ எண்டெல்லே எழுதினவர்?”

“எங்களுக்குச் செலவு வைக்கக்கூடாதெண்டு சொல்லியிருப்பான். பெத்த பிள்ளை வேலை செய்யிற கொம்பனியை விட்டிட்டு ஊரான்ரை சாமானை வாங்கிறதோ? நீ அமத்து!”

துஷாந்தி அந்தப் பெட்டியை அழுத்தினாள். ஊளை நின்றது. சிறிய பெட்டியொன்று திறந்து எழுத்துகள் வந்தன. கண்ணாடியில்லாமல் யூலியட்டுக்கு வாசிக்க முடியாது. மகள்தான் வாசித்தாள்.

“‘வணக்கம் மேடம். கவலைப்படாதீங்க. நான் சரி பண்ணித் தர்றேன்.’”

“இந்தியாப் பொடியன் போல” என்றார் மனுவேல். “படம் பாக்கிற மாதிரிக் கிடக்கு.”

“‘உங்க பேங்க் கார்டு நம்பரை அனுப்புங்க மேடம். அஞ்சு நிமிஷத்துல எல்லாம் சரியாயிடும்.’”

யூலியட் அலுமாரியைத் திறந்து வங்கி அட்டையை எடுத்து வந்தாள். வீட்டின் சேமிப்பு முழுவதும் அதற்குள்தான். துஷாந்தி நம்பரை அடித்து முடித்தாள். அனுப்ப விரல் போனபோது தாய் அவள் கையைப் பிடித்தாள்.

“பொறு, பொறு. அதுக்கு முதல் நாங்கள் ஆரெண்டு சொல்லு. தெரிஞ்ச ஆக்களெண்டால் கவனமாச் செய்வினம்.”

“ஐயோ அம்மா! உலகம் முழுக்க இருக்கிற கொம்பனி. எங்கடை எழுவைதீவை ஆருக்குத் தெரியும்?”

“நீ அடி. எழுவைதீவு மனுவேலின்ரை மகன் சுபேசனும் உங்கடை கொம்பனியிலைதான் வேலை. தாய் யூலியட் கேக்கிறன், அவனைத் தெரியுமோ, நேரத்துக்குச் சாப்பிடுறானோ எண்டு கேள்.”

மனுவேல் விழுந்து விழுந்து சிரித்தார். துஷாந்தி வெட்கத்தோடு நம்பரை அழித்துவிட்டு, தாய் சொன்னதை அப்படியே அடித்து அனுப்பினாள்.

பதில் வரவில்லை.

“எழுதுறார்” என்றாள் துஷாந்தி. “நிப்பாட்டிட்டார். திருப்பி எழுதுறார்... திருப்பியும் அழிச்சிட்டார்.”

“மேலதிகாரியைக் கேட்டுச் சொல்லப்போறார் போல” என்றார் மனுவேல்.

“தம்பியைக் கூட்டிவரப் போயிருப்பார்” என்றாள் யூலியட். அவள் முகம் மலர்ந்திருந்தது. கலைந்த தலைமயிரை அவசரமாகக் கோதி முடிந்துகொண்டாள்.

பெட்டியில் எழுத்துகள் வந்து விழுந்தன. துஷாந்தி வாய்க்குள் வாசித்தாள். அவளுடைய கை கணினியை விட்டு, சுட்டதுபோல விலகியது.

“என்னடி? தெரியுமாமோ?”

மகள் திரையையே பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

“வாசியன்டி, பிள்ளை!” மனுவேலின் சிரிப்பும் நின்றிருந்தது.

துஷாந்தி வாசித்தாள்.

“‘நம்பரை அனுப்பிப்போடாதேங்கோ. இது கொம்பனியில்லை. எங்களை இஞ்சை பூட்டி வைச்சு, அடிச்சு, ஆக்களை ஏமாத்தச் சொல்லுறாங்கள். அப்பாவைக் கெதியாப் பொலிசுக்குப் போகச் சொல்லுங்கோ. நான் சுபேசன்தான், அம்மா.’”