சிவப்பு வேண்டாம்

"இதுல குண்டு வெளியே வராதுங்க. ஆனா சுடறதுக்குக் கை பழகிடும்," என்றார் கடைக்காரர்.

வங்கிக் காவல்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து பார்த்தார். மனைவி பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதை எடுத்தாலும் ஒரு கருத்து சொல்லத் தயாராக இருந்தாள்.

விஷயம் இதுதான். மனிதர் பதினொரு வருடமாக இடுப்பில் ரிவால்வரோடு வங்கி வாசலில் நிற்கிறார். பார்த்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆனால் விசையில் விரல் வைத்தாரோ இல்லையோ, கண் தானாக மூடிக்கொள்ளும். கை தூக்கிப் போடும். போன வருடத் தேர்வில் ஆறு குண்டில் ஒன்றுகூட அட்டையில் படவில்லை. போனால் போகிறதென்று கம்பெனியில் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் தேர்வு. ஆறுக்கு நாலு குண்டாவது பட வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தில் விசிலை மாட்டி, வண்டி நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதைவிட வயிற்றெரிச்சல், அதே கம்பெனியில் இருக்கும் அவர் மச்சினன் வருடா வருடம் ஆறுக்கு ஆறு சுடுகிறான்.

"இது லேசர். உள்ளே போட்டு அழுத்தினா சுவத்துல வெளிச்சப் புள்ளி விழும். எங்கே பட்டுதுன்னு போன்ல காட்டிடும்."

"போன் யார் கையில இருக்கும்?"

"மேடம் வெச்சுக்கலாமே."

"வேண்டாம்," என்றார் காவல்காரர் உடனே.

கடைக்காரர் அடுத்த பெட்டியைத் திறந்தார். "டம்மி தோட்டா. பிளாஸ்டிக். ஆறு இருக்கு."

நல்ல சிவப்பு. மனைவிக்குப் பிடித்துவிட்டது. "இதையே வாங்குங்களேன். பளிச்சுனு இருக்கு."

"பொம்மைக் கடையில வாங்கின மாதிரி இருக்கு. உன் தம்பி கண்ணுல பட்டா கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். சிவப்பு வேண்டாம்."

"அப்போ பித்தளைதான் உங்களுக்கு," என்றார் கடைக்காரர். "அதே எடை, அதே பளபளப்பு, உள்ளே மருந்து மட்டும் கிடையாது."

காவல்காரர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். கம்பீரமாக இருந்தது. "இதைக் கட்டுங்க," என்றார்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் படுக்கையறையில் பயிற்சி. சுவரில் ஒரு காகிதப் பொட்டு. டிக், டிக் என்று ஆறு முறை. முடிந்ததும் டப்பா அலமாரியில், நிஜத் தோட்டா டப்பாவுக்குப் பக்கத்தில் போய்விடும். மனைவி பரீட்சை ஹாலில் நிற்பவள் போலப் பக்கத்திலேயே நின்றாள்.

"மூடிட்டீங்க."

"இல்லை."

"மூடிட்டீங்க."

மூன்றாவது வாரம் கண் மூடவில்லை. கை ஆடவில்லை. அவருக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

தேர்வன்று விடிகாலையிலேயே எழுந்தார். அவரவர் தோட்டாவை அவரவரே கொண்டுவர வேண்டும் என்பது கம்பெனி விதி. அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்து, "கண்ணு, கண்ணு" என்று நினைவூட்டினாள்.

மதியம் தலைகால் புரியாமல் திரும்பி வந்தார்.

"ஆறுக்கு ஆறு! எல்லாமே நடுவுல!"

"நிஜமாவாங்க?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பத்து பேர் ஒரே நேரத்துல சுடறாங்க. காதுல அடைப்பான் வேற. எது யாரோட சத்தம்னே தெரியலை. ஆனா நான் இமைக்கலையே! துப்பாக்கி உதைக்கவே இல்லைம்மா, பூ மாதிரி இருந்தது. பழக்கம்னா என்னன்னு இப்பத்தான் தெரியுது. முடிச்சதும் காலித் தோட்டாவை எல்லாரும் வாளியில கொட்டினாங்க. நானும் திரும்பிக்கூடப் பார்க்காம கொட்டிட்டு வந்தேன்."

"தம்பி?"

காவல்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். சந்தோஷத்தை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

"பாவம். அவன் அட்டையில ஒரு ஓட்டைகூட இல்லை. திங்கட்கிழமையிலேர்ந்து விசில்தான்."

"அவனா? அவன் தூங்கிக்கிட்டே சுடுவானே!"

"எனக்குப் பக்கத்து இடம்தான். என் நிதானத்தைப் பார்த்தே பதறியிருப்பான்."

சாயங்காலம் மச்சினன் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. அக்கா கொடுத்த காபியைத் தொடவில்லை.

"எனக்கே புரியலை மாமா. சரியாத்தான் சுட்டேன்."

எத்தனை வருடத்து எரிச்சல்! அவ்வளவும் அந்த நிமிடத்தில் அடங்கி, காவல்காரருக்கு உண்மையிலேயே அவன் மேல் இரக்கம் வந்தது.

"எல்லாருக்கும் வர்றதுதான் மாப்ள. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். வா, நான் சொல்லித் தர்றேன்."

அவனைப் படுக்கையறைக்கு அழைத்துப் போனார். மனைவியும் பின்னாலேயே வந்தாள். அலமாரியில் மிச்சம் இருந்த டப்பாவை எடுத்து, ஆறையும் தன் கையாலேயே ரிவால்வரில் போட்டுக் கொடுத்தார்.

"டம்மிதான், பயப்படாதே. அந்தப் பொட்டைப் பாரு. மூச்சை விடு. மெதுவா அழுத்து. முக்கியமா, கண்ணை மூடாதே."

மச்சினன் மூச்சை விட்டான். மெதுவாக அழுத்தினான்.

வீடே அதிர்ந்தது. சுவரிலிருந்து காரை பொலபொலவென்று கொட்டியது. கண்ணை மூடியிருந்தவர் காவல்காரர் ஒருவர்தான். அவர் திறந்து பார்த்தபோது பொட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது.

முதலில் வாயைத் திறந்தது மனைவிதான்.

"தம்பி, காலையில நீ உன் அட்டையைத்தான் சுட்டியா, இல்லை இவரோடதையா?"