அடுத்த வீட்டுப் பாசி

கீழக்கரையில் வீட்டுக்கொரு பவளப்பாறை உண்டு. வீட்டுக் கழிவு கடலுக்குப் போனால் அந்த வீட்டுப் பாறையில் பாசி ஏறும். பாசி மூடினால் ஊரார் அந்த வீட்டுத் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடுவார்கள்.

மகள் கல்யாண விருந்துக் கழிவில் சீனி மரைக்காயரின் பாறை வயலாகப் பச்சைபிடித்தது. கெட்ட சரக்கைத் தன் கடையில் வைத்துக்கொள்ளும் வியாபாரியா அவர்? ஆள்விட்டுப் பாசியைப் பெயர்த்து, பக்கத்து வீட்டு மர்ஜானாவின் பாறையில் கட்டவைத்தார்.

இன்று அவள் கைக்குழந்தையோடு குடமேந்தி அவர் வீட்டுக் குழாயடிக்கு வந்தாள்.

“எங்க குழாய அடச்சுட்டாக, காக்கா” என்றாள், அண்ணன் முறை வைத்து.

“அப்படி என்னம்மா கடல்ல ஊத்துன?” பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

“புள்ளைக்கு சோப்பு போட்டேன். அதுதான் போல. இனிமே போடமாட்டேன், காக்கா.”

‘போடும்மா’ என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்பாளே! குடம் நிறைந்து வழிந்தும் அவர் குழாயை மூடவில்லை.