பெருங்குடலுக்கு ஒரு வக்கீல்

"என்னங்க, உள்ளேயே குடித்தனம் வச்சுட்டீங்களா? வெளியே வர்ற உத்தேசம் உண்டா?"

ஆஸ்பத்திரிக் கழிவறையின் கதவைத் தட்டினாள் மனைவி. கையில் கணவருக்கு மாற்று பேன்ட். போனில் அவர் அலறிய அவசரத்தில் இஸ்திரி போடாததைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"கத்தாதே. இன்னும் ரத்தம் போகுது" என்றார் கணவர் உள்ளிருந்து.

"போகாம என்ன பண்ணும்? பெருங்குடல் பூரா புண்ணு. மாத்திரை பார்த்தாச்சு, ஊசி பார்த்தாச்சு, மூஞ்சி வீங்கினதுதான் மிச்சம். இப்ப சதைப் பரிசோதனையில செல்லு வேற மாற ஆரம்பிச்சிருக்காம். புத்துநோய் வந்து வாசல்ல நின்னாதான் ஆபரேஷனா?"

"புதுசா ஒரு மருந்து வந்திருக்கு..."

"வரும். அதுக்கப்புறம் இன்னொண்ணும் வரும். அதுவரைக்கும் நீங்க கக்கூஸ் கக்கூஸா சுற்றுலா போங்க."

"குடலை எடுத்துட்டு, மலம் சேர வயித்துல பையை மாட்டிக்கிட்டு நாலு பேர் முன்னாடி எப்படி நிக்கிறது?"

"இப்ப மட்டும் நாலு பேர் முன்னாடியா நிக்கிறீங்க? பை சட்டைக்குள்ள இருந்துட்டுப் போகுது. எல்லாருக்கும் அது ஆயுசுக்கும் கிடையாதாம். சிறுகுடல்லயே உள்ளுக்குள்ள ஒரு பை மாதிரி தச்சு, பழைய வழியிலயே போக வைக்கலாமாம். வெளிப்பை கொஞ்ச மாசம்தான். அப்புறமும் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போகணும்தான். இப்ப போறதுக்கு அது ராஜபோகம்."

"தையல் பிரிஞ்சா? சீழ் பிடிச்சா?"

"அடடா! இவ்வளவு புண்ணான குடலுக்கு இவ்வளவு நல்ல வக்கீலா!" என்றவள் கதவை ஒட்டி நின்றாள். "பிடிக்கலாம். எனக்கு மட்டும் பயமில்லையா? அன்னிக்குப் பாத்ரூம் தரையில உங்களைப் பார்த்தப்போ உயிர் இருக்கான்னே தெரியல."

உள்ளே தண்ணீர் இரைந்தது. கதவிடுக்கில் ஒரு கை நீண்டு பேன்ட்டை வாங்கிக்கொண்டது.

வெளுத்த முகத்தோடு வெளியே வந்த கணவரை, பள்ளிக்கூடத்துக்கு அடம்பிடிக்கும் பிள்ளையைப் போலக் கையைப் பிடித்து எதிர் அறைக்கு இழுத்துப் போனாள்.

"நடங்க. உங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க?"

கதவைத் திறந்ததும், உள்ளே உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண்மணி பதறி எழுந்தாள்.

"டாக்டர், குடலை எடுத்துடணும்னு சொல்லிட்டீங்க. வீட்டுல எல்லாரும் பயப்படறாங்க. உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கே இந்த வியாதி வந்தா ஆபரேஷன் பண்ணிப்பீங்களா?"

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?" என்றார், பெருங்குடல் அறுவையில் கைதேர்ந்த அந்த நிபுணர், வாசலில் நின்ற மனைவியின் முகத்தை மட்டும் பார்க்காமல்.