பதினேழாம் நம்பர் போத்தல்

"இன்னும் ஒரே ஒரு போத்தல் குடுங்க மிஸ். இல்லாட்டி நான் உசிரோட இருக்க மாட்டேன்."

பேச்சியம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று புசல்லாவைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்திருக்கிறாள். நெற்றியோரத்துப் பழைய தழும்பில் வியர்வை வழிந்தது. கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

அனுஷியா திகைத்துப்போனாள். மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் பெண்களைப் படுத்தும் வலிக்கும் அழுகைக்கும் கோபத்துக்கும் நொச்சி விதை கேட்குமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அறுபது பெண்கள், மூன்று மாதம், ஆளுக்கொரு போத்தல் குளிசை, தினம் ஒரு மாத்திரை. முப்பது பேருக்கு நொச்சி, முப்பது பேருக்கு வெறும் அரிசி மா. யாருக்கு எது என்பது அனுஷியாவுக்கே முந்தாநாள்தான் தெரிந்தது.

நொச்சி குடித்தவர்களுக்கு ஏதோ கொஞ்சம் குறைந்திருந்தது. ஆனால் அறுபது பேரிலும் முழுக்கக் குணமானது ஒரே ஆள்தான், பதினேழாம் நம்பர் பேச்சியம்மா. அவளுடைய போத்தலில் இருந்ததோ மா!

அவளுடைய அட்டையை அனுஷியா இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக முகம் வரைந்த அட்டை அது. மருந்துக்கு முந்திய இரண்டு மாதமும், பத்தாம் திகதி தொடங்கி மூன்று நாளைக்கு அழுத முகம். உடம்பு வலி, அழுகை, தூக்கமில்லை. மருந்து தொடங்கிய பிறகு ஒரு நாள் விடாமல் சிரித்த முகம்.

"இப்ப எப்படியிருக்கு அக்கா?"

"இந்த மூணு மாசந்தான் மிஸ் நான் மனுசியா இருந்தேன். அதான் கெஞ்சுறேன். இன்னிக்குப் பத்தாந் திகதி, சம்பள நாளு. வெறுங்கையோட வீட்டுக்குப் போக முடியாது."

பாவமாக இருந்தது அனுஷியாவுக்கு. அதற்காக இந்த அப்பாவிக்கு இன்னொரு போத்தல் மாவைக் கொடுத்து ஏமாற்ற மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தாள்.

"பயப்படாதீங்க அக்கா. ஒங்க போத்தல்ல மருந்தே இல்ல, வெறும் மாதான். நீங்க நம்பிக் குடிச்சீங்க, அந்த நம்பிக்கையிலேயே குணமாகிட்டீங்க. இனிமே ஒங்களுக்கு ஒண்ணுமே தேவையில்ல."

பேச்சியம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "இது வேற யாருக்காச்சும் தெரியுமா மிஸ்?"

"இதுல ஒளிக்க என்ன இருக்கு? யாருக்கு எதக் குடுத்தோம்னு அறுபது பேருக்கும் கடிதம் எழுதியாச்சு. காலையிலயே தோட்டத்து லயத்துக்கு ஆள் போய் வீட்டு வீடாக் குடுத்திருப்பாங்க. ஒங்க வீட்டுல வாசிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரரு வாசிப்பாரு. எந்தக் கடுதாசி வந்தாலும் அவருதான் பிரிப்பாரு."

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்க போறதுக்குள்ள அவரே வாசிச்சு வெச்சிருப்பாரு," என்று சிரித்தாள் அனுஷியா.

பேச்சியம்மா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்று சொல்லலாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே புசல்லாவை பஸ்காரன் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"என்னக்கா, என்ன செய்யுது? தண்ணி வேணுமா?"

"நான் எங்க மிஸ் குடிச்சேன்? இந்தக் குளிசைக்கு மேல சாராயம் பட்டா உசிரு போயிரும்னு பயங்காட்டி, மூணு மாசமா அவருக்குல்ல குடுத்தேன்!"