கண்ணாடியில் ஒரு கை

இன்றைக்கும் அதே கண்ணாடியில் அதே கை.

ஐந்து விரலும் உள்ளங்கையும் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே பதிந்திருந்தன. உள்ளே, வெள்ளிக் காசில், தலையில் ஆட்டுக்கொம்பு சுருண்ட கிரேக்க ராசா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜேர்மனியில், ஹம்பேர்க் நகரின் அந்த அருங்காட்சியகத்தில் பழங்காசுப் பகுதி முழுக்கப் பிரபாலினிதான் துடைக்கவேண்டும். வலது தோளைத் தூக்க முடியவில்லை. டொக்டரைப் பார்க்க டேர்மின், நாளும் நேரமும் குறித்துத் தருவது, கிடைக்க இன்னும் இரண்டு மாதம்.

"செத்து ரெண்டாயிரம் வருசமாச்சு. இன்னும் இவருக்கு முகம் துடைக்க ஒரு ஆள்!"

முணுமுணுத்தபடி துணியை நனைத்தாள். அந்த நேரம் பார்த்துக் காவலாளி அலோசியஸ் வந்தார். மன்னார்க்காரர், அறுபதைத் தாண்டியவர்.

"அண்ணை, பகல் முழுக்க இங்கைதானே நிக்கிறியள்? சனம் தடவுறதைப் பாக்க மாட்டியளோ?"

"பள்ளிக்கூடப் பெடியள், பிள்ளை. சொன்னாக் கேக்குதுகளே?"

"சொன்னால்தானே கேக்கும்! கதிரையிலை இருந்து நித்திரை கொண்டால்?"

அவர் அடுத்த அறைப் பக்கம் நடந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், துப்புரவுப் பொறுப்பாளர் யூலியாவிடம் ஒரு கடதாசி கொடுக்க வந்த பிரபாலினி, போகிற வழியில் காசு அறையை எட்டிப் பார்த்தாள்.

ஒரு சனமில்லை. அலோசியஸ் சட்டைப் பையிலிருந்து கிறீமை எடுத்துக் கையில் தேய்த்தார். பிறகு ராசாவுக்கு நேரே கண்ணாடியில் கையை வைத்து நன்றாக அழுத்தினார்.

"அண்ணை!"

மனுசன் திடுக்கிட்டுப் போனார்.

"அப்ப நீங்கள்தானோ? மூண்டு மாசமா என்னைப் பேயாக்கினியள்! என்ரை தோள் படுற பாடு தெரியுமோ உங்களுக்கு? யூலியாவிட்டைத்தான் போறன், இப்பவே சொல்லுறன்!"

"சொல்லாதை, பிள்ளை!"

கதவை மறித்துக்கொண்டு நின்றார். குரல் இறங்கிவிட்டது.

"யூலியாதான் முதல்லை என்னட்டை வந்தவ. 'இந்தப் பக்கம் ஒருத்தரும் வாறேல்லை, கண்ணாடியெல்லாம் அப்பிடியே பளிச்செண்டு கிடக்கு, இதைத் துடைக்க நாளும் ஒரு ஆள் வேணுமோ' எண்டு கேட்டவ. உன்னை வேலையாலை நிப்பாட்டப் போகினமெண்டு விளங்கிச்சு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"நல்லாச் சனம் வருது, நாளைக்கு வந்து கண்ணாடியைப் பாருங்கோ எண்டன். வந்து பாத்தவ, பேசாமல் போயிட்டா." அலோசியஸ் தலையைக் குனிந்தார். "சனத்துக்கு நான் எங்கை போறது, பிள்ளை? என்னட்டை இருந்தது இந்தக் கை ஒண்டுதான்."