ஒரே மாதிரி நாலு கார்

"சார், மெக்கானிக் காருல இருந்த சீட் பெல்ட்டைக் கழட்டிட்டாரு. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப என் கண்ணால பார்த்தேன்."

மூச்சிரைக்க ஓடிவந்த வாட்ச்மேன் சொன்னதைக் கேட்டதும் சினிமா கம்பெனி மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

பன்னிரண்டாவது பாகம் வரை வந்துவிட்ட உளவாளிப் படம் அது. உளவாளியைவிட அவர் காருக்குத்தான் ரசிகர்கள் அதிகம். பாகத்துக்கு ஒரு புதுக் கார். இந்த முறை வெள்ளி நிறம். திரையில் ஒன்றுதான் தெரியும், ஷெட்டில் அச்சு அசலாக நாலு நிற்கும். ஒன்றில் ஹீரோ உட்கார்ந்து சிரிப்பார், லாரி இழுத்துக்கொண்டு போகும். மற்ற மூன்றும் அடிபடுவதற்கு. அவற்றில் ஹீரோவுக்குப் பதிலாக உட்காருகிறவர் ஸ்டண்ட் டிரைவர்.

அவர் மெக்கானிக்கின் தங்கை புருஷன். சொல்லாமல் கொள்ளாமல் நடந்த கல்யாணம். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே ஷெட்டில் வேலை, ஆனால் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

மேனேஜர் மைதானத்துக்கு ஓடினார். கார் கிளம்பிவிட்டது. சாய்வுப் பலகையில் ஏறிப் பறந்து உருள வேண்டிய காட்சி. நிறுத்தச் சொல்லிக் கத்தினார், இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மெக்கானிக் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பெல்ட்டைக் கழட்டினியா?"

"கழட்டினேன்."

"அடப்பாவி, அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் தங்கச்சி கதி என்ன?"

மெக்கானிக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் பறந்தது. மூன்று முறை உருண்டு, தலைகீழாகக் கிடந்தது.

மேனேஜர் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் ஜன்னல் வழியாகத் தானே ஊர்ந்து வெளியே வந்தார். நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"ரொம்ப நன்றி சார். பத்து தடவை கேட்டேன், கடைசியில நல்ல பெல்ட்டா மாட்டிட்டீங்க. பழசா இருந்திருந்தா இன்னைக்கு நான் இல்ல."

மேனேஜர் குனிந்து உள்ளே பார்த்தார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நாலு பட்டை பெல்ட். ஹீரோவுக்கென்று தனியாக வரவழைத்தது, லாரி இழுக்கிற காரில் உட்கார்ந்து சிரிப்பதற்கு! வாட்ச்மேன் பார்த்தது வாஸ்தவம்தான். எந்தக் கார் என்பதில்தான் ஏமாந்துவிட்டார்.

மேனேஜருக்கு வெட்கமாக இருந்தது. அடிபட வேண்டிய மீதி இரண்டு கார்களுக்கும் இதே பெல்ட்டை நாளைக்கே வரவழைப்பதாக மெக்கானிக்கிடம் சொன்னார். டிரைவரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, இரண்டு பேரையும் சேர்த்துவைக்கவும் கிளம்பினார்.

மெக்கானிக் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். ரோஷக்காரரு. நான் மாட்டினதுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை பெல்ட்டே போடாம ஏறிடுவாரு."