உள்ளேன் ஐயா

ஆபரேஷன் முடிந்து, மயக்கம் தெளிந்துவிட்டதா என்று பார்க்க நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, என் மனைவி பூங்கோதை கண்ணைத் திறக்காமலே "உள்ளேன் ஐயா!" என்றாள். பள்ளிக்கூடத்து வருகைப்பதிவு நினைப்பு. வீட்டுக்கு வந்தும் அவள் அதை விடவில்லை. குக்கர் விசிலடித்தால் உள்ளேன் ஐயா. மழையின் முதல் துளி கையில் விழுந்தால் அண்ணாந்து பார்த்து உள்ளேன் ஐயா. தையல் போட்ட இடம் சுள்ளென்று இழுக்கும்போதும் அதையேதான் சொல்வாள், கொஞ்சம் மெதுவாக. வலிக்குக்கூட ஆஜராகிற மனுஷி.

இன்று மதியம் சாப்பாட்டின் நடுவே, என்னைப் பார்த்து வாத்தியார் குரலில், "தணிகாசலம்!" என்றாள். நான் நாளைய மீட்டிங்கில் இருந்தேன். தட்டில் பாதி காலியாகியிருந்தது. என்ன குழம்பென்று தெரியவில்லை.

"ஆப்சென்ட்டா?" என்று சிரித்தாள்.

ஒரு வாய் அள்ளி மென்றேன். சுண்டைக்காய். நல்ல கசப்பு.

"இன்னொரு தடவ கூப்பிடு" என்றேன்.